நேரம் கேட்காத ஆட்டம்

மார்ச் 2

மாப்பிள்ளைக்கு,

உன் கடிகாரத்தின் மேல் உட்கார்ந்தது நான்தான்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிடச் சொன்னாள் என் மனைவி. நடுவில் வைத்தால் நான் எப்படியாவது சுற்றிக்கொண்டு போய்விடுவேனாம். அவளுக்கு என்னைத் தெரியும்.

டிசம்பர் சதுரங்கப் போட்டி, கடைசிச் சுற்று, காலை ஒன்பதரை மணி. சங்கத்தின் அலுவலக அறையில் ஆறு நாற்காலிகள். ஐந்து காலி. ஆறாவதில் உன் கடிகாரத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நானே வைத்திருந்தேன். என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. மீதியை நீயே ஊகித்துக்கொள். இடது பக்கத்துப் பெரிய முள் கொண்டை ஊசி மாதிரி வளைந்துவிட்டது. நேரம் முடிந்தால் விழுமே, அந்தச் சின்னச் சிவப்புக் கொடி, அதைக் காணவே இல்லை. சாயங்காலம் வீட்டில் உடை மாற்றும்போதுதான் கிடைத்தது. எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று கேட்காதே.

எங்கள் சங்கத்தில் கண் தெரியாத ஆட்டக்காரன் நீ ஒருவன். தொட்டு நேரம் பார்க்கிற கடிகாரமும் அது ஒன்றுதான். இரண்டையும் ஒரே காலையில் இழந்தேன்.

ஏனென்றால் அதற்கப்புறம் நான் செய்தது அதைவிடக் கேவலம். உன்னிடம் வந்து, “புது விதி வந்திருக்கு மாப்ள, இனிமே எல்லா மேசைக்கும் டிஜிட்டல் கடிகாரம்தான்” என்று கூசாமல் சொன்னேன். நீ அந்தப் பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தாய். மழமழவென்று சோப்புக் கட்டி மாதிரி இருந்திருக்கும். டிக் சத்தமும் கிடையாது.

“இதுல நான் எதத் தொட்டுப் பாக்கறது?”

“எதுவும் வேணாம். எப்ப வேணும்னாலும் கேளு, எவ்வளவு மிச்சம்னு நான் சொல்றேன். விதியிலயே இடம் இருக்கு.”

“கேக்க மாட்டேன்” என்றாய்.

கேட்கவும் இல்லை. ஆட்டம் முடிந்து ரயிலேறிப் போனவன் மூன்று மாதமாகப் பேசவும் இல்லை. தங்கச்சியிடம் தூது போகச் சொன்னால், “ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிக்க நான் என்ன சதுரங்கக் கடிகாரமா?” என்று போனை வைத்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 19 சங்கங்களுக்கிடையிலான போட்டி. அந்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். நீ வராவிட்டால் முதல் பலகையில் பொருளாளர் உட்காருவார். அவர் குதிரை நகர்வதையே இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். அதோடு, ஆண்டு மலரில் உன் டிசம்பர் ஆட்டத்தைப் பற்றி எழுதச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ‘தலைக்குள் ஒரு கடிகாரம்’ என்று தலைப்பும் வைத்துவிட்டேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் கருவி வாசிப்பதற்காக ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறேன். இந்தக் கடிதத்துக்கு நான்கு மணி நேரம் ஆனது. போட்டியாக இருந்தால் என் கொடி இரண்டு தடவை விழுந்திருக்கும்.

மச்சான்

*

மார்ச் 9

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

கடிதத்தைக் கருவியில் வைத்தேன். வாசித்தது. அதன் குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. ‘தொண்ணூற்றிரண்டு கிலோ’ என்பதைச் சரக்கு வண்டி வருகிறது, விலகி நில்லுங்கள் என்ற தொனியில் சொன்னது.

புதிய தகவல் ஏதும் இல்லை. அன்று காலை ஒன்பதரைக்கு அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தது நான். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். முதலில் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அடுத்து உங்களுடைய சத்தம். அதன்பின் டிக் டிக் நின்றுபோனது. பத்தொன்பது வருடம் என் கைக்கடியில் ஓடிய டிக் டிக். அது நின்றால் எனக்குத் தெரியாதா?

நீங்கள் உட்கார்ந்ததில் எனக்குக் கோபம் இல்லை. நாற்காலி இருப்பது உட்காரத்தான். வெளியே வந்து, “மாப்ள, உன் கடிகாரத்த நசுக்கிட்டேன்” என்பீர்கள் என்று டீயைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து வந்து விதி மாறிவிட்டது என்றீர்கள். கண் தெரிந்தவனாக இருந்தால் உடைந்த கடிகாரத்தைக் காட்டியே ஆக வேண்டியிருக்கும். எனக்கு ஒரு பொய் போதும் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். வெளியில் நிறையப் பேர் எனக்கு இதைச் செய்கிறார்கள். கடைக்காரர், ஆட்டோக்காரர், சக ஆசிரியர்கள். நீங்களும் அந்த வரிசையில் போய் நின்றுகொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பட்டியலில் என் பெயர் வேண்டாம். மலரிலும் வேண்டாம். என் தலைக்குள் இருப்பது மூளை. கடிகாரம் இல்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். அற்புதங்களில் எனக்கு அக்கறை கிடையாது.

உங்கள் தங்கை நலம். கோபமாக இருக்கிறாள். யார் மேல் என்று சொல்ல மறுக்கிறாள்.

*

மார்ச் 14

மாப்பிள்ளை,

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நாம் வாடா போடா. இந்த இருபது வருஷத்தில் நீ எனக்குக் கொடுத்த முதல் மரியாதை இது. நன்றாக வலித்தது.

நீ சொன்னது சரி. உன்னிடம் பொய் சொல்வது சுலபம் என்றுதான் சொன்னேன். அந்த வரியை எட்டு தடவை படித்தேன். மன்னித்துக்கொள். இதற்கு மேல் அழகாக எழுதினால் அதுவும் ஏமாற்று வேலையாகிவிடும்.

ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மட்டும் என்னால் முடியாது. நீ அதற்குள் இருந்தாய், வெளியிலிருந்து பார்த்தது நான். நாற்பது நகர்த்தலுக்கு ஒன்றரை மணி நேரம், அதற்குள் முடிக்காவிட்டால் தோல்வி. முப்பத்துமூன்று முடிந்திருந்தது. உன் பக்கம் ஐந்து நிமிடம் என்று காட்டியதும் வழக்கப்படி எழுந்து உன் மேசையருகில் வந்து நின்றேன். நேரம் முடிவதை நடுவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா. (நான் எழுந்தால் என் முட்டிகளும் எழுந்து ஆஜர் சொல்லும். நாற்பத்தெட்டு வயது.)

நீ கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். நான்கு நிமிடம். மூன்று. எதிரே பல் மருத்துவர். ஆறு வருடமாகச் சாம்பியன். கடிகாரத்தையும் உன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மற்ற ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் அறுபது பேர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் இருமவில்லை. இரண்டு நிமிடம். கேளுடா, கேளுடா என்று மனசுக்குள் கத்தினேன். நடுவர் தானாக வாயைத் திறக்கக்கூடாது. நீ கேட்டால்தான் சொல்ல முடியும்.

ஒரு நிமிடம் ஐந்து விநாடி இருக்கும்போது உன் கை எழுந்தது. “யானை, டி ஏழு” என்றாய். பொத்தானை அமுக்கினாய். அதற்கப்புறம் நீ யோசித்ததாகவே தெரியவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. காயைத் தொட்ட கை பொத்தானுக்குப் போய்த் திரும்பக் காய்க்கு வந்தது. அவசரம் இல்லை, நடுக்கம் இல்லை. அலமாரியில் துணி அடுக்குகிறவன் மாதிரி இருந்தாய். நாற்பதாவதில் கை நின்றது. பதினைந்து விநாடி. பத்து. எனக்கு மூச்சே நின்றுபோனது. ஐந்து. நான்கு. மூன்று.

“குதிரை, எஃப் ஆறு. செக்.”

அமுக்கிவிட்டாய். கடிகாரத்தில் இரண்டு விநாடி மிச்சம்.

பிறரை வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய பல் மருத்துவர், அன்று தன் வாயை மூட மறந்துவிட்டார். அதற்கப்புறம் அவரால் ஆட முடியவில்லை. ஐம்பத்தேழாவது நகர்த்தலில் கை கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாக நடுவராக இருக்கிறேன். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் கடிகாரத்தை முறைத்துக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தின் எண்ணே தெரியாத ஒருவன் இரண்டு விநாடியை மிச்சம் பிடித்தது இதுவரை நான் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை.

வீட்டில் நானும் செய்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்று நிமிடம் மனசுக்குள் எண்ணுவது, முடிந்ததும் மேசையைத் தட்டுவது. சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். பதற்றமானால் என் மூக்கு விசிலடிக்கும் என்று உனக்குத் தெரியும். குக்கர்தான் கூப்பிடுகிறது என்று வந்தாளாம். மூன்று நிமிடம் என்று நான் தட்டியபோது ஒரு நிமிடம் ஐம்பது விநாடிதான் ஆகியிருந்தது. அடுத்த தடவை நான்கரை. மூன்றாவது தடவை தூங்கிவிட்டேன்.

எப்படி மாப்பிள்ளை? அதை மட்டும் சொல். நாடித் துடிப்பா? உள்ளே ஏதாவது எண்ணுகிறாயா?

மச்சான்

*

மார்ச் 21

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கருவி வாசித்தபோது உங்கள் தங்கை பக்கத்தில் இருந்தாள். குக்கர் வரும் இடத்தில் சிரித்தாள். மூன்று மாதத்தில் உங்கள் வீட்டைப் பற்றி அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை. அதற்காக இந்தப் பதில்.

எப்படி என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள் ‘ஆறாவது அறிவு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பார்வை போனால் இறைவன் வேறொன்றைக் கொடுப்பான் என்று எங்கள் கல்லூரி முதல்வர் சபையிலேயே சொன்னார். எனக்கு அவன் கொடுத்தது உங்களைத்தான்.

என் கடிகாரம் இப்போது எங்கே? நசுங்கியதைத் தூக்கிப் போட்டீர்களா? அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். போடவில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். சரி பண்ணக் கொடுங்கள். சரியாகி வந்ததும் கண்ணாடி மூடியைத் திறந்துகொள்ளுங்கள். கண்ணை மூடுங்கள். பெரிய முள்ளைத் தேடுங்கள். விரல் நுனி பட்டால் போதும். அழுத்தாதே. அழுத்தினால் முள் நகர்ந்துவிடும், நேரம் மாறிவிடும். எதிராளியின் நேரத்தைக் கையால் தள்ளிவிட்டால் அதைவிடப் பெரிய திருட்டு சதுரங்கத்தில் இல்லை. அதனால்தான் அதைத் தொடக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

நீங்கள் இருபத்திரண்டு வருடமாகக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

பட்டியல் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. மலரில் எழுத வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை.

*

மார்ச் 28

மாப்பிள்ளை,

நடுவில் ஓர் இடத்தில் ‘அழுத்தாதே’ என்று எழுதியிருக்கிறாய். ‘அழுத்தாதீர்கள்’ இல்லை. கவனித்தேன். மனைவியிடமும் காட்டினேன். அவசரப்படாதீங்க, கைதவறி வந்திருக்கும் என்றாள்.

கடிகாரத்தை நான் தூக்கிப் போடவில்லை. அலுவலக பீரோவில், ஒரு துண்டில் சுற்றி, பழைய கோப்பைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு அம்மா கடிகாரம் பழுது பார்க்கிறார். கண்ணில் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்தவர், “மேல எதும் விழுந்துச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். பத்து நாள் என்றவர் நான்கே நாளில் கொடுத்துவிட்டார். முள் நிமிர்ந்துவிட்டது. கொடி தன் இடத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஓடுகிறது.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். கண்ணை மூடினேன்.

முதலில் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. தகரத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது. பிறகு புடைப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. பன்னிரண்டுக்கு இரண்டு. பிறகு முள். மாப்பிள்ளை, அது நிற்கவில்லை. கண்ணால் பார்த்தால் பெரிய முள் நின்றுகொண்டிருக்கிற மாதிரித்தானே தெரியும்? விரலுக்கு அடியில் அது போய்க்கொண்டே இருக்கிறது. எறும்பின் வயிறு அளவுக்கு ஒரு நகர்வு. அடியில் டிக் டிக் விரல் வழியாகவே ஏறி மணிக்கட்டு வரைக்கும் வருகிறது.

பன்னிரண்டு நெருங்கும்போது கொடியைத் தேடினேன். முள் அதன் அடியில் போய் மெதுவாகத் தூக்குகிறது. மூன்று நிமிடம் அந்தத் தகடு என் நகத்தின் மேல் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு ரோமத்தின் எடைகூட இருக்காது. ஆனால் என் வாழ்நாளில் அவ்வளவு கனமாக எதையும் தாங்கியதில்லை. எப்போது விழும், எப்போது விழும் என்று உடம்பெல்லாம் காதாகிவிட்டது. விழுந்தது. விரல் மேல் ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான். நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆயிரம் கொடி விழுந்ததைப் பார்த்து ‘நேரம் முடிந்தது’ என்று அறிவித்தவன் நான். நேரம் முடிவது என்றால் என்னவென்று நேற்றுதான் தெரிந்தது. இதைத் தினமும் கைக்கடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காயையும் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறாய். இதை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டு, கையில் சோப்புக் கட்டியைக் கொடுத்தேன். அதிலும் நீ இரண்டு விநாடியை மிச்சம் பிடித்தாய். உன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுரையை உன் முதல் பதில் வருவதற்கு முன்பே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். ‘வேண்டாம்’ என்ற உன் கடிதம் வந்த அன்றே நிறுத்தப் போனேன். ஐநூறு பிரதி அடித்துக் கட்டி வைத்திருந்தார்கள். ‘அவர் ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை’ என்று முதல் வரி, ‘மனித உடலுக்குள் இயற்கை பொருத்திய கடிகாரம்’ என்று கடைசி வரி. பல் மருத்துவரின் புகைப்படமும் இருக்கிறது. அதிலும் வாய் திறந்தபடிதான்.

இந்தத் தடவை நான் எதையும் மறைக்கவில்லை. கடிகாரம் என் மேசை மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலி மேல் இல்லை. ஐந்தாம் தேதி சாயங்காலம் பட்டியல் போய்விடும். உன் மேசைக்கு நானே நடுவராக நின்று, இந்தக் கடிகாரத்தை என் கையால் உனக்கு முன்னால் வைக்க வேண்டும். அந்த ஒன்று போதும் எனக்கு.

மச்சான்

*

ஏப்ரல் 3

மச்சான்,

பட்டியலில் என் பெயரைப் போட்டுக்கொள். பத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் நானும் உன் தங்கையும் வருகிறோம். கடிகாரத்தை நீ என் முன்னால் வைக்கலாம். வைத்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். என் மேசைக்கு வேறு யாராவது நடுவராக இருக்கட்டும். இது என் ஒரே நிபந்தனை.

கோபத்தில் சொல்லவில்லை. கொடி விழுந்ததைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தைக் கருவியிடம் நான்கு தடவை வாசிக்கச் சொன்னேன். அந்த ரயில் நிலையக் குரலிலும் அது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாக நான் கோபமாக மட்டும் இல்லை. பாதி வெட்கம். ஆட்டம் முடிந்ததும் அறுபது பேர் வரிசையில் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒரு பெரியவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ ஒரு பொய்தான் சொன்னாய். நான் அறுபது பேரிடம் சும்மா இருந்தேன். இப்போது உன் ஐநூறு பிரதி வேறு சேர்ந்துவிட்டது.

முந்தாநாள் பல் மருத்துவரைப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அந்த வெற்றியைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். வேண்டாம், புதிதாக ஒன்று ஆடலாம், தொடுகிற கடிகாரத்திலேயே ஆடலாம் என்றார்.

அவரிடம் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன். ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது நீ நாற்காலியிலிருந்து எழுந்தாய். உன் இரண்டு முட்டியும் சொடக்குப் போட்டன. ஐந்து நிமிடம்தான் என்று தெரிந்துகொண்டு யோசிக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிடத்துச் சொச்சம் இருக்கும்போது உன் மூக்கு வழக்கம்போல விசிலடிக்க ஆரம்பித்தது. யானையை நகர்த்தினேன். நாற்பதாவது நகர்த்தலில் விசில் திடீரென்று நின்றுபோனது. கடைசிப் பத்து விநாடிக்கு நீ மூச்சை அடக்கிக்கொள்வாய் என்று இருபது வருடமாக எனக்குத் தெரியும். எட்டு வரை எண்ணினேன். அமுக்கினேன்.

“அந்த விசில் எனக்கும் கேட்டுச்சு சார், மின்விசிறின்னு நெனச்சேன்” என்றார் பல் மருத்துவர்.

நான் ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை என்று நீ மலரில் எழுதியிருப்பது மட்டும் நிஜம்.